உருகிப் பாடினால் போதுமா, படித்துத்தான் பாட வேண்டுமா? கொழும்பில் ஆசைக்காக இசை பழகுவோரின் கேள்விகள்

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு ஹோலில் நாங்கள் சிலர் கூடிப் பாடுவோம், வாசிப்போம். வங்கியில் வேலை செய்பவர், ஏ.எல். படிக்கும் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பல மாதிரியான ஆட்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. புதிதாக வருபவர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: மனசு பெரிதா, பயிற்சி பெரிதா? அடிக்கடி வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சுருக்கமாகச் சொல்லுங்கள். உணர்ச்சி முக்கியமா, திறமை முக்கியமா?

சுருதியும் தாளமும் எல்லாருக்கும் கட்டாயம். அதற்கு மேலே என்ன படிக்க வேண்டும் என்பதை நீங்கள் பாட ஆசைப்படும் பாட்டு முடிவு செய்யட்டும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுருதி விலகினால் கேட்பவரின் காது அந்த விலகலிலேயே மாட்டிக்கொள்ளும். பாட்டின் துக்கமோ சந்தோஷமோ அவரிடம் போய்ச் சேராது. தாளம் தடுமாறினாலும் அப்படித்தான். ஆனால் வேகம், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் பெரிய பெரிய சங்கதிகள், மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கும் குரல் எல்லாம் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. ஒரு தாலாட்டுக்கு அவற்றில் ஒன்றுமே வேண்டாம். ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்க வேண்டுமென்றால் நிறைய வேண்டும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நான் பாடினால் வீட்டில் எல்லாரும் உருகுகிறார்கள். இனியும் படிக்க வேண்டுமா?

கோயிலில் பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று ஐந்தையும் பாட வயதான ஐயா ஒருவர் முன்னுக்கு வருவார். குரல் கரகரக்கும், நடுங்கும். ஆனாலும் கூட்டம் அசையாமல் நிற்கும். அப்படி ஒருவர் பாடும்போது நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். ஒரு சொல்லின் நடுவில் அவர் மூச்செடுக்கவே இல்லை. வரி முடிகிற இடத்தில்தான் எடுத்தார். நெடிலை இழுத்தார், குறிலைக் குறிலாகவே விட்டார். மேலே போகும் வரி எட்டாது என்று தெரிந்து, தொடக்கத்திலேயே சுருதியைத் தாழ்த்தி எடுத்திருந்தார். எந்தப் பண் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்தது அத்தனையும் பயிற்சி. சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டும் பாடியும் வந்தது.

நீங்களும் அப்படிச் சிலவற்றைத் தெரியாமலே சரியாகச் செய்கிறீர்கள், அதனால்தான் வீட்டில் உருகுகிறார்கள். இனி எது சரியாக வரவில்லை என்று பாருங்கள். பாடியதைப் போனில் பதிவு செய்து, உங்களைத் தெரியாத ஒருவருக்குக் கேட்கக் கொடுங்கள். வீட்டு ஆட்கள் உங்கள் முகத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். தெரியாதவருக்குக் குரல் மட்டும்தான் போகும். மேலே போகும்போது குரல் இறுகுகிறது, சொல் விழுங்கப்படுகிறது என்று அவர் ஒன்றைச் சொன்னால், அந்த ஒன்றோடு ஒரு டீச்சரிடம் போங்கள். ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசையிலிருந்து தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள், வளர்ந்தவர்களுக்கும் அது பயன்படும். ஆனால் வரிசைகள் முடியும்வரை பாட்டே பாடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் ஏற்காதீர்கள். பாட்டுக்காகத்தான் வந்தீர்கள்.

கிரேட் எல்லாம் நல்ல புள்ளியோடு பாஸ் பண்ணினேன். ஆனாலும் என் வாசிப்பில் உயிர் இல்லை என்கிறார்கள். ஏன்?

கொழும்பில் இந்தக் கேள்வியைப் பியானோவும் வயலினும் படித்த பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் (ABRSM) நடத்தும் கிரேட் பரீட்சை எடுத்தவர்கள். அந்தச் செய்முறைப் பரீட்சையின் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மொத்தம் 150. மூன்று பாடல்களுக்குத் தலா 30 வீதம் 90. ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதுப் பரீட்சைக்கு 18. நூறு எடுத்தால் பாஸ், 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். பாடல்களைப் பார்க்கும்போது பரீட்சகர் சுரமும் காலமும் சரியா என்று மட்டும் பார்ப்பதில்லை. நாதம் எப்படி, வரிக்கு வடிவம் இருக்கிறதா, பாட்டின் குணம் வெளியே வருகிறதா என்பதற்கும் புள்ளி உண்டு. ஆகவே பரீட்சை உயிரைக் கொன்றுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. நாம் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிற விதத்தில்தான் பிழை. பிழைவிட்டால் புள்ளி போகும் என்ற பயத்தில் அதே மூன்று பாடல்களை வருஷம் முழுக்கத் தேய்க்கிறோம். வேறொன்றும் வாசிப்பதில்லை. பிழையில்லாமல் வாசிப்பது ஒரு நல்ல பழக்கம், ஆனால் அந்தப் பழக்கத்தோடு மட்டும் வளர்ந்த கைக்கு ஒரு வரியில் எங்கே சாய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரியாது. ஏனென்றால் முடிவை எப்போதும் புத்தகமோ டீச்சரோ எடுத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. உங்களுக்குத் தெரிந்த ஒரு பாடலில் ஒரேயொரு வரியை எடுங்கள். முதலில் அதை வாயால் பாடுங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாடும்போது மூச்சு எங்கேயாவது முட்டும், எங்கேயாவது சத்தம் தானாகக் கூடும். அந்த இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு அதே மாதிரி வாத்தியத்தில் வாசியுங்கள். வயலின் என்றால் மூச்செடுத்த இடத்தில் வில்லைத் திருப்புங்கள், பியானோ என்றால் அங்கே கையைத் தூக்குங்கள். அப்புறம் அதே வரியை மூன்று விதமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள்: கடைசிச் சுரத்துக்குப் போகப் போகச் சத்தத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, கடைசிக்கு முந்திய சுரத்தில் ஒரு நொடி தாமதித்து ஒன்று. மூன்றையும் அடுத்த நாள் கேளுங்கள். எது பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தெரிவு முழுக்க உங்களுடையது. அது பழகப் பழகத்தான் உயிர் என்று சொல்கிறார்களே, அது வரும்.

கர்நாடக சங்கீதத்தில் கற்பனையை எப்போது தொடங்கலாம்? டீச்சர் இன்னும் காலம் இருக்கிறது என்கிறார்.

நம் சங்கீதம் இந்த விஷயத்தில் நல்ல தெளிவோடு இருக்கிறது. முன்னரே அமைத்து வைத்தது கல்பித சங்கீதம், அந்த இடத்திலேயே பிறப்பது மனோதர்ம சங்கீதம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். மனோதர்மம் நிறையக் கீர்த்தனைகள் பாடமான பிறகு வருவது என்பதுதான் வழக்கம். மேடைக்கு அது சரி. வீட்டில் பழகுவதற்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தாளத்தோடு பாடும் அலங்காரப் பயிற்சிகளை முடித்து, கீதம் என்ற சின்னப் பாட்டு ஒன்று தெரிந்தாலே தொடங்கலாம்.

மோகனத்தில் தொடங்குங்கள். ச ரி க ப த என்று ஐந்தே சுரம். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. காந்தாரத்தில், அதாவது க சுரத்தில், தொடங்கும் ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள். வரியை ஒருமுறை பாடுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது அடுத்த தாளச் சுற்றில், முதல் நாலு எண்ணிக்கைக்கு ஒன்றும் பாடாமல் தாளம் மட்டும் போடுங்கள். மிச்ச நாலுக்கு, எண்ணிக்கைக்கு ஒன்றாக நாலு சுரம் பாடி வரியின் காந்தாரத்தில் வந்து விழ வேண்டும். உதாரணமாக:

ச ரி ச ரி | க
க ப க ரி | க
த ப க ரி | க

மூன்றும் ரிஷபத்தில் (ரி) முடிகின்றன. காந்தாரத்துக்குக் கீழ்ப்படி அதுதான் என்பதால் விழுவது சுலபம். இது கைவந்ததும் மேலிருந்து இறங்கி, பஞ்சமத்தில் (ப) முடித்து விழுந்து பாருங்கள். முடிவு வேறு நிறத்தில் கேட்கும். நாலே சுரத்தில் என்ன கற்பனை என்று தோன்றும். ஆனால் எதை விடுவது, எதை வைப்பது என்ற முடிவு முதல்முறையாக உங்கள் கையில் வருகிறது. தாளம் தவறாமல் சரியான இடத்தில் விழுந்தாக வேண்டும் என்பதால் திறமையும் அதே நேரம் வளரும். இந்த நாலு சுரப் பயிற்சியில் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

சுருதி சேர்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

போனில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டு, உங்கள் கட்டையை, அதாவது நீங்கள் ச என்று எடுக்கும் சுருதியை, முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு கட்டை என்பது கீபோர்ட்டில் சி, ஒன்றரை என்பது சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரையும் பெண்களுக்கு நாலரை, ஐந்தும் பொதுவாகச் சரியாக இருக்கும். கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் தாண்டிக் காந்தாரம் வரை கத்தாமல் போக முடிந்தால் அதுதான் உங்கள் கட்டை.

பிறகு ச, ப, மேல் ச மூன்றையும் மட்டும் நீட்டிப் பிடியுங்கள். சேரும்போது உங்கள் குரல் தம்புராவுக்குள் மறைந்த மாதிரி இருக்கும். சேராதபோது இரண்டுக்கும் இடையில் ஒரு அதிர்வு கேட்கும். அந்த அதிர்வை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போவதுதான் பயிற்சி. இதற்கு டீச்சர்கூடத் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

வேகமாக வாசிக்க வராது. அது குறையா?

இல்லை. மெதுவாக வாசிக்கும்போது சுரங்களுக்கு இடையில் நிற்கத் தெரியாமல் ஓடினால் அதுதான் குறை.

வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடும். அரை மணித்தியாலம்தான் கிடைக்கும். அதை எப்படிப் பிரிப்பது?

முதல் பத்து நிமிஷம் சுருதிக்கும் வரிசைகளுக்கும். அடுத்த பத்து, பாட்டில் தடுக்கி விழும் இடத்துக்கு மட்டும். முழுப்பாட்டையும் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த இடமே இன்னும் தெரியும், தடுக்கும் இடம் தடுக்கும். அந்த இரண்டு மூன்று சுரத்தை எடுத்து, மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடியில் வைத்து, தடுக்காமல் வரும் வேகத்துக்கு இன்னும் இறக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கடைசிப் பத்து நிமிஷம் மனசுக்குப் பிடித்ததை வாசியுங்கள். பிழைவிட்டாலும் நிறுத்த வேண்டாம்.

களைப்பான நாளில் எதைக் குறைப்பது என்று கேட்டால், கடைசிப் பத்தைக் குறைக்காதீர்கள். அதைக் குறைத்தவர்கள்தான் மெல்ல மெல்ல வாத்தியத்தை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைக்கிறார்கள்.

கீபோர்ட்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா? சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராதே?

எல்லா ராகமும் வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைந்தபடியே இருக்கும். சாதாரணக் கீபோர்ட்டில் ஒரு கீயை அழுத்தினால் ஒரு சுரம் மட்டும் நிற்கும். இடப்பக்கத்து வீலைத் திருப்பிச் சுரத்தை வளைக்கலாம், ஆனால் அதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஆகவே கீபோர்ட்காரருக்கு நான் சொல்வது: தோடியையும் சகானாவையும் காதால் கேட்டு ரசியுங்கள், மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணம் ஆகியவற்றைக் கையால் வாசியுங்கள்.

இதைக் குறைந்த விஷயமாக நினைக்க வேண்டாம். முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்ட் வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் அமைத்து நோட்டுஸ்வரங்கள் செய்தார். சங்கராபரணத்தில், கமகம் அதிகம் இல்லாமல், நேர்ச் சுரங்களாக இருக்கும். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். அந்த வீட்டில் யாரும் வெளியிலிருந்து வந்ததை ஒதுக்கவில்லை. கீபோர்ட்டில் தொடங்குபவர்களுக்கு நோட்டுஸ்வரம் மிகவும் பொருந்தும்.

ஓட்டோ டியூன் போட்டால் சுருதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?

அந்தச் செயலிகள் வழக்கமாக ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, குரலைக் கிட்ட உள்ள இடத்துக்கு இழுக்கும். பொப் பாட்டுக்கு ஓரளவு சரிவரும். கமகம் உள்ள ராகத்தில் போட்டால் அசைவைப் பிழை என்று எண்ணி வெட்டிவிடும். பதிவு செய்து கேட்கும் பழக்கத்தைக் கைவிட மட்டும் இதைக் காரணமாக்காதீர்கள்.

பைலா, பொப் பாட்டெல்லாம் மூன்று கோர்ட்தானே? அதில் என்ன திறமை இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். கோர்ட் மூன்றுதான். சியில் வாசித்தால் சி, எஃப், ஜி. ஆனால் பைலாவின் ஆறெட்டுத் தாளத்தை ஒரு பாட்டு முடியும்வரை கூடாமல் குறையாமல் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் விழ வேண்டும், நடுவில் உள்ளவை இலேசாக வர வேண்டும். வலது கை மணிக்கட்டு தளர்ந்திருந்தால்தான் அது வரும். ஸ்கேல் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாக வாசிக்கும் பிள்ளைகள் இதில் இறுகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆறும் ஒரே கனத்தில் விழும், யாருக்கும் கால் ஆடாது.

பைலாவை மேடைக்குக் கொண்டுவந்து பரப்பிய வொலி பஸ்டியன் பொலிஸில் வேலை செய்தவர். பிறகு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் அந்தத் துள்ளலை நம் பேச்சுத் தமிழோடு சேர்த்துப் பாடியபோது, கல்யாண வீடு, சுற்றுலா பஸ் என்று எல்லா இடத்திலும் ஆட்கள் கூடப் பாடினார்கள். கேட்பவரையும் சேர்த்துப் பாட வைப்பது தனித் திறமை. அதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை.

மகளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு அனுப்பட்டுமா, அல்லது சும்மா ஆசைக்குப் பாட விடட்டுமா?

அனுப்புங்கள். அந்தச் சபை 1931இல் தொடங்கியது. தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம்வரை முடித்தால் கலாவித்தகர் பட்டம். படிப்புக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும், சாதாரண தரத்துக்குச் சங்கீதம் எடுப்பதற்கும் உதவும். ஒரு நிபந்தனை: பரீட்சைப் பட்டியலில் இல்லாத பாட்டு ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்க வேண்டும், அதை அவளே தெரிவு செய்ய வேண்டும். அது சினிமாப் பாட்டாக இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே பாட்டை நிறுத்தும் பிள்ளைகள் பலர் உண்டு. நிறுத்தாத பிள்ளைகளிடம் பெரும்பாலும் இப்படி ஒரு சொந்தப் பாட்டு இருந்திருக்கிறது.

மனசுக்குள் கேட்பது கையில் வரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை வருகிறது. சம்பந்தரின் பதிகங்களுக்குக் கூட இருந்து யாழ் வாசித்தவர் அவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், இவர் யாழ் வாசிப்பதால்தான் பதிகத்தின் புகழ் பரவுகிறது என்று பேசினார்கள். மனம் பொறுக்காத யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடும்படி சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழில் வரவில்லை. யாழ்ப்பாணர் யாழை முறிக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் அதைத் தடுத்து வாங்கிக்கொண்டு, இசையின் பெருமை முழுவதும் ஒரு கருவிக்குள் அடங்குமா, வருகிற அளவில் வாசியுங்கள் என்ற பொருளில் சொல்லி யாழைத் திரும்பக் கொடுத்தார். யாழ்ப்பாணரும் தொடர்ந்து வாசித்தார்.

அவ்வளவு பெரிய வித்தகருக்கே கைக்கும் மனசுக்கும் இடையில் தூரம் இருந்தது. உங்களுக்கும் இருக்கும். மனசுக்குள் கேட்கிறது என்றால் காது கையை முந்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது. காது வளராமல் கை மட்டும் ஓடுபவருக்கு இந்த வருத்தமே வராது, அவர் முன்னேறுவதும் கஷ்டம். விட வேண்டாம். மனசுக்குள் கேட்பதை வாயால் பாடிப் பதிவு செய்து வையுங்கள், கை பிறகு வந்து சேரும்.

கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டில் இருக்கிறேன். வாத்தியங்கள் பழுதாகின்றன, பக்கத்து வீட்டுக்காரரும் முறைக்கிறார்கள்.

கடற்காற்றில் கிற்றார், வயலின் கம்பிகள் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போட்டு வையுங்கள். மிருதங்கத்தின் தோல் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து இளகும், சுருதி இறங்கும். வாசிக்குமுன் சேர்த்துப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். இடந்தலையில், அதாவது இடது பக்கத் தோலில், பூசிய ரவையை வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுருதி நிற்காத வாத்தியத்தோடு மல்லுக்கட்டினால் எந்த உணர்ச்சியும் வராது, எரிச்சல்தான் வரும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்குப் பிறகு கீபோர்ட்டுக்கு ஹெட்போன் போடுங்கள்.

எங்கே பாடிப் பழகலாம்? மேடை என்றால் கை நடுங்குகிறது.

மண்டபமும் மைக்கும் வேண்டாம், பிறகு பார்க்கலாம். நவராத்திரியில் ஒன்பது நாளும் வீடுகளில் பாட ஆள் தேடுவார்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலைப் பூசைக்குப் போனால் கூட்டத்தோடு சேர்ந்து பாடலாம், தனியாக ஒரு பாட்டும் கேட்டு வாங்கலாம். கிறிஸ்தவர்களுக்குக் கோவில் பாடகர் குழு இருக்கிறது, அங்கே பல குரலாகப் பிரித்துப் பாடப் பழகுவது பெரிய வாய்ப்பு. முதலில் சேர்ந்து பாடுங்கள், பிறகு ஒரு வரியை மட்டும் தனியாக எடுங்கள், பிறகு முழுப்பாட்டு.

தெரியாத இடத்தில் பாடும்போது, கீபோர்ட் அல்லது ஆர்மோனியம் வாசிப்பவரிடம் முன்னரே போய் உங்கள் கட்டையைச் சொல்லிவிடுங்கள். அவர் வழக்கமாக வாசிக்கும் கட்டையிலேயே தொடங்கிவிட்டால் பாதிப் பாட்டில் குரல் எட்டாமல் போகும். எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது.